சரளைக் குழி குடிக்கும் தண்ணீரை ஆற்றுக்கு ஈடு கட்டுவது எப்படி? கொலராடோவுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

கொலராடோவில் சரளை தோண்டும் கம்பெனியிலோ, அதற்குத் தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் ஆலோசனை நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரமே ஒரு எக்செல் ஷீட் கைக்கு வரும். ஆவியாதல், ஈரம், தூசி, ஈடு என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் ஒரு எண் பச்சையாகவோ சிவப்பாகவோ நிற்கும். பச்சை என்றால் அனுப்பிவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் அனுப்பினேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எந்தக் கட்டத்தில் பிழை விட்டால் ஆற்றுக்குப் போக வேண்டியது போகாமல் நிற்கும் என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் இந்த வேலையே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ராக்கி மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் காலங்காலமாக உருட்டிக் கொண்டுவந்து போட்ட கல்லும் மணலும்தான் டென்வர் பக்கத்துச் சாலைக்கும் கட்டடத்துக்கும் போகிற சரளை. சவுத் பிளாட் ஆற்றங்கரையில் அது படுகை படுகையாகக் கிடக்கிறது. அதே படுகையில்தான் நிலத்தடி நீரும் இருக்கிறது, சில அடி தோண்டினாலே ஊற்று கிளம்பிவிடும். அது மெதுவாக ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் தண்ணீர். மேல்மண்ணை எடுத்து அதை வெயிலுக்குத் திறந்து வைத்தால் ஆவியாகும், ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது.

கொலராடோவின் தண்ணீர்ச் சட்டமோ முந்தி எடுத்தவருக்கு முதல் உரிமை என்பது. 1880-ல் வாய்க்கால் வெட்டிய விவசாயிக்குக் கிடைத்து மிஞ்சினால்தான் பின்னால் வந்தவருக்கு. சரளைக் குழி கிட்டத்தட்ட எப்போதுமே வரிசையில் கடைசி ஆள். 1988-ல் கேஷ் லா பூடர் ஆற்றுப் பாசனக்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில், நிலத்தடி நீரைத் திறக்கும் சரளைக் குழியும் சட்டப்படி ஒரு கிணறுதான், அதற்கும் பெர்மிட் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருடமே சட்டமன்றம் அதை ஒட்டி ஒரு சட்டம் போட்டது. 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு திறந்த நீர்ப்பரப்பு எல்லாவற்றுக்கும் ஆவியாதலை ஈடு கட்ட வேண்டும், அதற்கு முன் திறந்திருந்த பரப்புக்கு விலக்கு. உங்கள் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: குழியை நேரில் போய்ப் பாருங்கள்

மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு குழிக்கு மாதாமாதம் 9 ஏக்கர் நீர்ப்பரப்பு என்றே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வரைபடத்தில் 9 என்று இருந்தது. வசந்தத்தில் கரை சரிந்து, தோண்டும் இயந்திரமும் மேற்குப் பக்கம் நகர்ந்து, உண்மையில் அது 11 ஏக்கரைத் தாண்டியிருந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 2 ஏக்கரின் ஒரு கோடைக்கால ஆவியாதல் முழுவதும் கீழே இருந்த ஒரு விவசாயியின் மதகுக்குப் போக வேண்டிய தண்ணீர்.

போகும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பு எவ்வளவு, அதில் 1981-க்கு முன் திறந்தது ஏதாவது உண்டா (பழைய விமானப் படங்கள் கிடைக்கும், அவைதான் ஆதாரம்), பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுக் காய்ந்த குழியில் தோண்டுகிறார்களா இல்லை தண்ணீருக்குள்ளேயே தோண்டுகிறார்களா, குழியின் நடுவிலிருந்து ஆறு எவ்வளவு தூரம். கடைசியாகச் சொன்ன தூரம் பிறகு பெரிய விஷயமாகப் போகிறது.

படி 2: எவ்வளவு போகிறது என்று கணக்கிடுங்கள்

அளவு ஏக்கர்-அடியில். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரம் தண்ணீர் நின்றால் எவ்வளவோ அவ்வளவு, அதாவது 43,560 கன அடி, லிட்டரில் 12 லட்சத்துக்கும் மேல்.

பெரிய இழப்பு ஆவியாதல்தான். அமெரிக்க வானிலைத் துறை வெளியிட்ட ஆவியாதல் வரைபடத்திலிருந்து உங்கள் இடத்துக்கு வருடத்துக்கு எத்தனை அங்குலம் என்று எடுப்பார்கள். அதிலிருந்து மழையின் ஒரு பகுதியைக் கழிக்கலாம். குழி இல்லாவிட்டால் அங்கே இருந்த புல் அந்த மழையைக் குடித்திருக்கும், அது எப்படியும் ஆற்றுக்கு வந்திருக்காது என்பது காரணம், வழக்கமாக மழையில் 70 சதவீதம் கழிப்பார்கள். 45 அங்குலம் ஆவியாதல், 14 அங்குலம் மழை என்று வைத்துக்கொள்வோம். 14-ல் 70 சதவீதம் 9.8 அங்குலம், மீதி 35.2 அங்குலம், அதாவது 2.93 அடி. 10 ஏக்கர் நீர்ப்பரப்புக்கு வருடத்துக்கு 29.3 ஏக்கர்-அடி.

இதை 12-ஆல் வகுத்து மாதத்துக்கு எழுதிவிடாதீர்கள். 6,500 அடி உயரத்துக்குக் கீழே உள்ள இடங்களுக்கு மாநில நீர்ப் பொறியாளர் அலுவலகம் வைத்திருக்கும் பட்டியலில் ஜனவரிக்கு வருட ஆவியாதலில் 3 சதவீதம், ஜூலைக்கு 15 சதவீதம். கோடை மாதம் ஒன்று பனி மாதத்தைப் போல ஐந்து மடங்கு குடிக்கிறது.

இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோருக்கும் வருகிற ஒரு யோசனையைச் சொல்லிவிடுகிறேன். "குழிக்காக ஐம்பது காட்டன்வுட் மரங்களை வெட்டினோமே, அவை குடித்த நிலத்தடி நீர் மிச்சம்தானே, அதையும் கழிக்கலாமே?" கழிக்க முடியாது. ஆர்க்கன்சா ஆற்றங்கரை மரங்களை வெட்டி மிச்சம் பிடித்த தண்ணீருக்கு உரிமை கேட்ட ஷெல்டன் ஃபார்ம்ஸ் வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இல்லையென்றால் கரையில் ஒரு மரம் மிஞ்சியிருக்காது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

அடுத்தது சரளையோடு லாரியில் ஏறிப் போகும் ஈரம். தண்ணீருக்குள்ளிருந்து தோண்டி எடுத்தாலோ கழுவினாலோ எடையில் 4 சதவீதம் தண்ணீர் என்று வைப்பது வழக்கம், இறைத்துக் காயவிட்டுத் தோண்டிய கழுவாத சரளைக்கு 2 சதவீதம். வருடத்துக்கு 3 லட்சம் டன் (அமெரிக்க டன், 2,000 பவுண்டு) கழுவிய சரளை விற்றால் 12,000 டன் தண்ணீர் கேட்டைத் தாண்டிப் போகிறது, கிட்டத்தட்ட 8.8 ஏக்கர்-அடி. எடை மேடைச் சீட்டுகளைக் கூட்டினாலே டன் கணக்கு கிடைத்துவிடும்.

தூசி அடக்க டேங்கர் லாரி தெளிக்கும் தண்ணீர் முழுவதும் இழப்பு. 4,000 கேலன் டேங்கர் நாளைக்கு ஆறு நடை, மாதம் 22 நாள் என்றால் 1.6 ஏக்கர்-அடி. டிரைவரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து நடையைக் குறிக்கச் சொல்லுங்கள், மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கணக்கே இல்லை. கான்கிரீட் கலவை அங்கேயே நடந்தால் அந்தத் தண்ணீரும் சேரும்.

படி 3: ஆற்றுக்கு அது எப்போது தெரியும்?

சரி, இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். குழியில் ஜூலையில் ஆவியான தண்ணீர் ஜூலையில் ஆற்றில் குறைவதில்லை. குழியில் மட்டம் கொஞ்சம் இறங்கும், பக்கத்து மணலிலிருந்து ஊறி வரும், அந்த மணலில் மட்டம் இறங்கும், அப்படியே தள்ளித் தள்ளி ஒரு நாள் ஆற்றுக்குப் போய்ச் சேரும். அந்த நாளில்தான் ஆற்றில் குறையும்.

எவ்வளவு நாள் என்பதைக் கணக்கிட குளோவர் முறை என்று ஒரு சூத்திரம் இருக்கிறது, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான 'அவாஸ்' என்ற மென்பொருள் அதைப் போட்டுத் தரும். ஆனால் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். தூரத்தை அதனாலேயே பெருக்கி, மண் துளையில் நிற்கும் நீரின் பங்கால் (வழக்கமாக 0.2) பெருக்கி, படுகை நீரைக் கடத்தும் திறனால் வகுத்தால் நாள் கணக்கில் ஒரு எண் வரும். தொடர்ந்து ஒரே அளவில் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த நாள் வரைக்கும் எடுத்ததில் 28 சதவீதம் ஆற்றிலிருந்து போயிருக்கும் என்பது அதன் பொருள். ஒரு அடி அகலத்துக்கு நாளைக்கு 1 லட்சம் கேலன், அதாவது சுமார் 13,370 கன அடி, கடத்தும் படுகையில், ஆற்றிலிருந்து 1,000 அடியில் இருக்கும் குழிக்கு அந்த எண் சுமார் 15 நாள். 5,000 அடியில் இருந்தால் சுமார் 374 நாள். தூரம் ஐந்து மடங்கு, காலம் இருபத்தைந்து மடங்கு. படி 1-ல் தூரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

இதனால் என்ன ஆகிறது? கோடை இழப்பு குளிர்காலத்தில் வந்து ஆற்றைத் தொடுகிறது. மூத்த உரிமைக்காரருக்குத் தண்ணீர் போதாதபோது அவர் நீர் ஆணையரிடம் (ஆற்றுத் தண்ணீரை உரிமை வரிசைப்படி பங்கிட்டுவிடும் மாநில அதிகாரி) சொல்லி, தனக்குப் பின்னால் வந்தவர்களை நிறுத்தக் கேட்பார், இதை 'அழைப்பு' என்று சொல்வோம். ஆற்றில் அழைப்பு இல்லாத நாளில் ஈடு கட்டத் தேவையில்லை. கோடையில்தான் அழைப்பு, குளிர்காலத்தில் தப்பித்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் நீர்த்தேக்கங்கள் நிரப்பும் உரிமைகள் அழைக்கும். பார்க்க வேண்டியது, இழப்பு ஆற்றைத் தொடும் நாளில் அழைப்பு இருக்கிறதா என்பதை. ஆவியான நாளில் இருந்ததா என்பது கணக்கிலேயே வராது.

பம்ப் வைத்து இறைக்கும் குழியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இறைத்த தண்ணீரை ஆற்றில்தானே விடுகிறோம், இழப்பு எங்கே என்று தோன்றும். இறைக்கும் வரை அது சரிதான், இறைப்பால் ஆற்றில் வரும் குறையை அந்த வெளியேற்றமே ஈடு கட்டிவிடுகிறது. பம்பை நிறுத்திய அன்று வெளியேற்றம் நின்றுவிடும், ஆனால் பழைய இறைப்பின் குறை ஆற்றில் மாதக்கணக்கில், தூரமாக இருந்தால் வருடக்கணக்கில் தொடரும். போதாததற்குக் காலிக் குழி வேறு நிரம்பத் தொடங்கும். "வேலை முடிந்தது, பம்பைக் கழற்று" என்று யாராவது சொன்னால், கழற்றும் முன் இந்த வால் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

படி 4: ஈடு கட்டத் தண்ணீர் தேடுங்கள்

ஈடு மூன்று விதத்தில் பொருந்த வேண்டும்: அளவு, நேரம், இடம். அளவு மட்டும் பொருந்திவிட்டால் போதும் என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

எளிய வழி நகராட்சியிடம் குத்தகை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுரங்கம் வழியாக வேறு ஆற்றுப் படுகைத் தண்ணீரைக் கொண்டுவரும் நகரங்கள், அதை ஒரு முறை பயன்படுத்திச் சுத்திகரித்து வெளியே விட்ட பிறகும் மறுபடி பயன்படுத்த உரிமை வைத்திருக்கும். அந்தக் கழிவுநீர் வருடம் முழுவதும் ஓடும், அதனால் குளிர்கால வாலுக்கும் பொருந்தும். விலை கூடும், குத்தகை முடியும் தேதியும் முக்கியம். குழி 2030-ல் முடிகிறது, குத்தகையும் 2030 வரை என்று எழுதியிருந்தால், அதற்குப் பிறகு ஆற்றைத் தொடப்போகும் இழப்புக்கு யார் பொறுப்பு?

இன்னொரு வழி வாய்க்கால் கம்பெனிப் பங்கு. ஒரு பண்ணையின் பங்குகளை வாங்கி, அந்த நிலத்தில் பாசனத்தை நிறுத்தி, மிஞ்சும் தண்ணீரை ஆற்றில் விடுவது. இதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பங்குக்கு வாய்க்காலில் வந்த தண்ணீர் முழுவதும் உங்களுடையது ஆகாது, பயிர் உண்மையில் குடித்தது மட்டும்தான். மீதி எப்போதும் வயலிலிருந்து வழிந்தும் ஊறியும் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, அதை நம்பிக் கீழே ஒருவர் இருக்கிறார், அதை நீங்கள் முன்போலவே திரும்ப விட வேண்டும். அந்த ஊறல் குளிர்காலத்திலும் வந்துகொண்டிருந்தது, வாய்க்காலோ ஏப்ரல் வாக்கில் ஓடத் தொடங்கி அக்டோபரில் நின்றுவிடும். எனவே பங்கு மட்டும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைச் சமாளிக்க முடியாது, சேமித்து வைக்க ஒரு தேக்கமோ நகராட்சிக் குத்தகையோ கூடவே வேண்டும்.

பாசனத்தை நிறுத்திய நிலம் உண்மையிலேயே காய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் ஒரு முறை ஆகஸ்ட் மாதம் அப்படி ஒரு வயலுக்குப் போனேன். சுற்றிலும் எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக முழங்கால் உயரம் நின்றது. அல்ஃபால்ஃபா, மாட்டுத் தீவனப் பயிர். மதகைப் பூட்டி வருடம் ஒன்று ஆகியிருந்தது, ஆனால் அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரை நேராக உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டைக்கு நாங்கள் வரவு எழுதிக்கொண்டிருந்தோம். அல்ஃபால்ஃபா இருந்த நிலத்தை ஆழமாக உழுதோ மருந்தடித்தோ வேரோடு சாகடித்த பிறகுதான் வரவு எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இடம் என்று சொன்னேனே, அது இதுதான். ஈட்டுத் தண்ணீர் அழைப்பு விடுத்தவரின் மதகுக்கு மேலே ஆற்றில் சேர வேண்டும். இருபது மைல் மேலே விடுகிறீர்கள் என்றால் வழியில் ஒரு பங்கு போய்விடும், அந்த வழி இழப்பை நீர் அலுவலகம் சொல்லும் விகிதத்தில் கூட்டி விட வேண்டும். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் ஆற்றையே முழுக்கத் திருப்பிக்கொள்ளும் இடம் இருந்தால், உங்கள் தண்ணீர் அதைத் தாண்டிப் போக அளவுக்கருவியோடு ஒரு வழி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காகிதத்தில் போன தண்ணீர் ஆற்றில் போயிருக்காது.

படி 5: அனுமதி

இதில் வழக்கறிஞரும் பொறியாளரும் கூடவே இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிரந்தர ஈட்டுத் திட்டத்தை நீர் நீதிமன்றம்தான் அங்கீகரிக்கும், சவுத் பிளாட் படுகைக்கு அது கிரீலியில் இருக்கிறது. மனுப் போட்டால் அந்த மாதத்து அறிவிப்பில் வெளியாகும், அதற்கடுத்த இரண்டாவது மாதக் கடைசி வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் மாநில நீர்ப் பொறியாளர் தரும் தற்காலிக மாற்று நீர்த் திட்டத்தில்தான் பெரும்பாலான குழிகள் ஓடுகின்றன, அலுவலகத்தில் எல்லோரும் எஸ்.டபிள்யூ.எஸ்.பி. என்பார்கள். அதற்கு முடிவுத் தேதி உண்டு, புதுப்பிக்கும் தேதியை உங்கள் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள். திட்டம் கிடைத்ததும் கிணற்று பெர்மிட்டும் தனியாக வாங்க வேண்டும், 600 அடிக்குள் வேறு கிணறு இருந்தால் அதன் உரிமையாளர் விஷயமும் அதில் வரும். திட்டமும் பெர்மிட்டும் கைக்கு வரும் முன் நிலத்தடி நீரைத் திறக்கக் கூடாது, மட்டத்துக்கு மேலேயே தோண்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

படி 6: மாதக் கணக்கு

மாதம் முடிந்து 30 நாளுக்குள் கணக்கு போக வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பரப்பு, டன், டேங்கர் நடை, மீட்டர் எண், தாமதம் போட்ட பிறகு ஆற்றில் வரும் இழப்பு, விட்ட ஈடு. பார்ஷல் ஃப்ளூம் (ஓடும் தண்ணீரை அளக்கும் குறுகிய தொட்டி போன்ற அமைப்பு) வழியாகத் தண்ணீரை விட்டால் அதன் அடியில் மண் சேர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், ஒரு பக்கம் இறங்கிய ஃப்ளூம் காட்டும் எண்ணை நம்பவே முடியாது. கணக்கில் பற்றாக்குறை வந்தால் மறைக்காமல் அன்றே நீர் ஆணையருக்குப் போன் செய்யுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அவரும் ஒரு வழி சொல்வார், நீங்களும் அந்த வாரமே கூடுதலாக விட்டுவிடலாம்.

படி 7: குழியை மூடும்போது

சரளை தீர்ந்த பிறகும் நீர்ப்பரப்பு ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், கம்பெனி கைமாறினாலும், ஊரைவிட்டே போனாலும். அதனால்தான் 2010 ஏப்ரல் 30 அன்று மாநிலத்தின் சுரங்க நிலச் சீரமைப்புப் பிரிவு எல்லாக் குழிக்காரர்களுக்கும் கடிதம் எழுதி, திறந்து கிடக்கும் நிலத்தடி நீருக்கு ஏதாவது ஒரு உறுதி வேண்டும் என்று கேட்டது. மண் போட்டு மூடுவதற்கோ சுவர் கட்டுவதற்கோ பிணைத்தொகை, இல்லையென்றால் அந்தக் குழிக்கென்றே ஒதுக்கிய நீர் உரிமை, இப்படி.

இப்போது பலரும் போவது சுவர் வழியில். குழியைச் சுற்றிப் பாறை வரை அகழி தோண்டி, பாறைக்குள்ளும் சில அடி இறக்கி, மண்ணும் பென்டோனைட் களிமண்ணும் கலந்து நிரப்புவார்கள். உள்ளே இருப்பது அப்புறம் நிலத்தடி நீர் இல்லை, குழி ஒரு நீர்த்தேக்கம் ஆகிவிடுகிறது. டென்வர் நகரத்தின் நீர் அமைப்பே ஆற்றோரப் பழைய குழிகளை இப்படித்தான் தேக்கமாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் நிலத்தடி ஓட்டத்தை மறிக்கும், ஒரு பக்கம் மட்டம் ஏறி பக்கத்து வீட்டு நிலவறையில் ஈரம் வரலாம், மறு பக்கம் கிணறு இறங்கலாம். சுவர் கட்டும் முன்பே சுற்றிலும் கண்காணிப்புக் குழாய் இறக்கி மட்டத்தை எழுதத் தொடங்குங்கள், பிறகு தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

சுவர் கட்டியதும் 1999 ஆகஸ்ட் வழிகாட்டி விதிப்படி 90 நாள் கசிவுச் சோதனை. குழியைக் காலி செய்துவிட்டு உள்ளே எவ்வளவு ஊறுகிறது என்று அளக்க வேண்டும், மழையையும் ஆவியாதலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த 90 நாளும் பழைய ஈட்டுத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். சோதனை தேறி, நீர்ப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அந்த நீர்ப்பரப்பைக் கணக்கிலிருந்து எடுக்கலாம். எடுத்த பிறகும் முன்பு ஆவியானதன் தாமத வால் ஷீட்டில் அடுத்தடுத்த மாதங்களில் நின்றுகொண்டிருக்கும். அது பூஜ்யம் ஆகும் மாதம் வரை குத்தகை இருக்கிறதா என்று பாருங்கள்.